இல்லாத கை ஏன் வலிக்கிறது?

விபத்தில் ஒருவருடைய கை போய்விட்டது. அறுவை செய்த இடத்தில் புண்ணும் ஆறிவிட்டது. ஆறு மாதம் கழித்து அவர் சொல்கிறார்: "என் கை இன்னும் இருக்கிறது. விரல்கள் இறுக மடங்கிக் கிடக்கின்றன. நகங்கள் உள்ளங்கையில் குத்துகின்றன. வலி பொறுக்க முடியவில்லை."

கேட்பவர்கள் என்ன சொல்வார்கள்? "பாவம், அதிர்ச்சியிலே மனசு கெட்டுப் போச்சு" என்பார் ஒருவர். "காத்துக் கருப்பு பட்டிருக்குமுங்க, மந்திரிச்சுக் கயிறு கட்டோணும்" என்பார் மற்றொருவர். "இல்லாத கை எங்காவது வலிக்குமா? எல்லாம் சாக்கு" என்று சொல்பவரும் உண்டு.

மாணவர்களே, நம் கொங்கு நாட்டில் இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. நூற்பாலைகளும், விசைத்தறிகளும், வார்ப்படச் சாலைகளும், கரும்பு பிழியும் எந்திரங்களும் நிறைந்த பகுதி இது. எந்திரத்தில் விரலையோ கையையோ இழந்த ஒருவரையாவது நம்மில் பலர் பார்த்திருப்போம். துண்டான கையை மீண்டும் பொருத்தும் அறுவைக்குக் கோவையின் கங்கா மருத்துவமனை நாடறிந்த பெயர் பெற்றிருக்கிறது. ஆனாலும் எல்லாக் கைகளையும் மீண்டும் பொருத்திவிட முடிவதில்லை. கையை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கை இன்னும் இருப்பதாகவே உணர்கிறார்கள். பலருக்கு அதில் வலியும் இருக்கிறது.

இந்த வலி பொய்யன்று. மூளை தன் உடலைப் பற்றித் தனக்குள் வைத்திருக்கும் கணக்கில் நேர்ந்த குழப்பம் அது. இந்தக் குழப்பத்தை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு விஞ்ஞானி, பெயர் வி. எஸ். ராமச்சந்திரன். அவருடைய புகழைக் கேட்டு நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் மாணவர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அவர் கேள்வி கேட்ட முறையை. அவர் சொன்ன விடைகளில் சில இன்று ஆட்டம் கண்டிருக்கின்றன. அப்படியிருந்தும் அந்த முறைக்கு மதிப்புக் குறையவில்லை. இதைத்தான் இந்தக் கட்டுரையில் வற்புறுத்த விரும்புகிறேன்.

ஸ்டான்லியிலிருந்து சான் டியேகோ வரை

விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன் 1951-ஆம் ஆண்டு பிறந்தவர். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். தந்தை பொறியியலாளர், ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணியாற்றியவர். அதனால் ராமச்சந்திரனின் பள்ளிப் படிப்பு சென்னையிலும் தாய்லாந்தின் பாங்காக்கிலும் நடந்தது.

மகனுக்கு ஆராய்ச்சியில் நாட்டம். தந்தையோ மகன் மருத்துவராக வேண்டும் என்று விரும்பினார். நம் வீடுகளில் நடப்பதுதான்! ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. இரு கண்களும் தனித்தனியே பார்க்கும் இரண்டு படங்களை மூளை எப்படி ஒன்றாக்கி ஆழத்தை உணர்கிறது என்ற கேள்வியில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. 1973-இல் இதைப் பற்றிய கட்டுரை ஒன்று அவர் பெயரும் சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. உலகின் மிக உயர்ந்த விஞ்ஞான இதழ்களில் அது ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள்.

மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு அவர் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1983-இல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையில் ஆசிரியரானார். 2003-இல் பி.பி.சி. வானொலியின் புகழ்பெற்ற ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். 2007-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

மருத்துவம், உளவியல், பார்வை பற்றிய ஆராய்ச்சி என்று பாதை வளைந்து வளைந்து போவதைக் கவனியுங்கள். மூளையையும் மனத்தையும் ஆராய்பவர்களில் பலருடைய பாதை இப்படித்தான் இருக்கிறது. டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக் முதலில் இயற்பியல் படித்தவர். வாழ்நாளின் பிற்பகுதியை நனவு பற்றிய ஆராய்ச்சிக்கே கொடுத்தார்.

'நனவு' என்று நான் சொல்வது எதை? நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது, 'நான் படித்துக்கொண்டிருக்கிறேன்' என்று உங்களுக்குள் ஓர் உணர்வு இருக்கிறதல்லவா, அதைத்தான். பிரக்ஞை என்றும் தன்னுணர்வு என்றும் சொல்வதுண்டு. ஆழ்ந்த உறக்கத்தில் அது மறைகிறது. விழித்ததும் திரும்பி வருகிறது. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையும் 8,600 கோடி நரம்பணுக்களும் கொண்ட மூளை இந்த உணர்வை எப்படி உண்டாக்குகிறது? விஞ்ஞானத்தின் முன் நிற்கும் மிகப் பெரிய கேள்விகளில் இது ஒன்று.

பழுதைக் கொண்டு பொறியை அறிதல்

இவ்வளவு பெரிய கேள்வியை எந்த முனையில் தொடுவது? கோவை மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு (1893–1974) ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டி அதன் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த செய்தி. உயிருள்ள மனிதனின் மூளையை அப்படிக் கழற்றிப் பூட்ட முடியாது. ஆனால் பம்புசெட் பழுது பார்ப்பவர் செய்யும் மற்றொரு வேலையைச் செய்யலாம்.

கிணற்றடி மோட்டார் 'உம்' என்று உறுமுகிறது, சுற்ற மறுக்கிறது. அனுபவசாலி மூடியைத் திறக்குமுன்பே, "கெபாசிட்டர் போயிருக்குமுங்க" என்பார். மோட்டாரைத் தொடக்கத்தில் சுழற்றிவிடுவதில் கெபாசிட்டருக்கு ஒரு பங்கு உண்டு என்பதை அவர் பாடப் புத்தகத்தில் படித்திருக்க வேண்டியதில்லை. அது கெட்டபோது எது நின்றது என்று பார்த்தே அறிந்திருப்பார். ஒரு பகுதி பழுதாகும்போது எந்த வேலை மட்டும் நிற்கிறது, எது தொடர்ந்து நடக்கிறது என்று பார்த்தால் அந்தப் பகுதியின் வேலை விளங்கும். மூளையில் அடிபட்டவர்களையும், உறுப்பை இழந்தவர்களையும் நரம்பியல் விஞ்ஞானிகள் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். நோயாளி அவர்களுக்கு ஆசிரியரும் ஆகிறார்.

ஒரு பஞ்சுக் குச்சி

இல்லாத உறுப்பு இருப்பதாகத் தோன்றும் விந்தை புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்புரோசு பாரே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்த வியர் மிட்செல் என்ற மருத்துவர் 1871-இல் இதற்கு 'ஆவி உறுப்பு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். 'மாய உறுப்பு' என்று நாம் சொல்லலாம். பெயர் வைத்து நூறாண்டுக்கு மேலாகியும் காரணம் தெளிவாகவில்லை. வெட்டப்பட்ட நரம்பின் நுனிகள் உறுத்துவதால் வருகிறது என்று பலர் எண்ணினர்.

இடையில் வேறொரு செய்தி கிடைத்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற அறுவை மருத்துவர், வலிப்பு நோயாளிகளுக்கு மூளையில் அறுவை செய்யும்போது அவர்களை விழித்திருக்கச் செய்தார். மூளையைத் தொட்டால் மூளைக்கு வலி தெரியாது. அதன் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, "எங்கே தெரிகிறது?" என்று கேட்டார். ஓரிடத்தில் தொட்டால் விரலில் உணர்ச்சி. வேறிடத்தில் தொட்டால் உதட்டில். இப்படி உடல் முழுவதற்கும் மூளையில் ஒரு வரைபடம் இருப்பதை 1937-இல் வெளியிட்டார். அந்த வரைபடத்தில் கைக்கு அடுத்த ஊர் முகம்! உடம்பில் இரண்டும் தள்ளித் தள்ளி இருந்தாலும் மூளையில் அவை பக்கத்து வீடுகள்.

1991-இல் இன்னொரு செய்தி வந்தது. கையிலிருந்து வரும் உணர்ச்சி நரம்புகள் பல ஆண்டுகளுக்கு முன் துண்டிக்கப்பட்ட குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, மூளையில் கைக்குரிய பகுதி விழித்துக்கொண்டது என்பதே அது.

இதைப் படித்தவர் பலர். ராமச்சந்திரன் மட்டும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்: 'குரங்கால் சொல்ல முடியாது; மனிதனால் முடியுமே? அந்தக் குரங்குக்கு எங்கே தொட்டதாகத் தோன்றியிருக்கும்?' கையை இழந்த ஓர் இளைஞனை வரவழைத்தார். கண்களை மூடச் சொன்னார். காது துடைக்கும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து இளைஞனின் கன்னத்தைத் தொட்டார்.

"எங்கே தெரிகிறது?"

கன்னத்திலும் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது என்றான் இளைஞன்! முகத்தில் வேறோர் இடத்தைத் தொட்டபோது வேறொரு விரல். இல்லாத கையின் விரல்கள் முகத்தில் வரிசையாக அமைந்திருந்தன. 1992-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி உலகெங்கும் பேசப்பட்டது.

மாணவர்களே, இந்தச் சோதனைக்கு ஆன செலவு என்ன? ஒரு துளிப் பஞ்சு. பருத்திக்கும் பஞ்சுக்கும் பேர்போன மண்ணில் பிறந்த நமக்கு அது பெரிய பொருளா? நமக்குப் பழகாதது, 'குரங்கால் சொல்ல முடியாததை மனிதனிடம் கேட்டால் என்ன?' என்று எண்ணும் அந்த மனப்பாங்குதான்.

ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி

அடுத்தது வலி. சிலருக்கு மாயக் கை அசைவற்று இறுகிக் கிடக்கிறது. கை இருந்த காலத்திலேயே நரம்பு அறுந்து அது செயலிழந்திருந்தால், 'அசை' என்று மூளை கட்டளையிடும்போதெல்லாம் 'அசையவில்லை' என்றே கண் சாட்சி சொல்லியிருக்கும். இப்படிப் பல மாதம் நடந்தால் மூளை அந்தச் செயலின்மையையே கற்றுக்கொண்டிருக்கலாம் என்று ராமச்சந்திரன் ஊகித்தார். கற்றதை மறக்கச் செய்ய முடியுமா?

மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப் பெட்டி. நடுவில் நிமிர்த்தி வைத்த ஒரு கண்ணாடி. நோயாளி நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னே நுழைத்து, அதன் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி பார்க்கிறார். பின்பு இரு கைகளையும் அசைப்பதாக எண்ணி நல்ல கையை அசைக்கிறார். இல்லாத கை அசைவதைக் கண் காண்கிறது!

பத்தாண்டுகளாக மாயக் கை இறுகிக் கிடந்த ஒருவர், கை மீண்டும் அசைகிறது என்று கண்ணாடி முன் கூவினார். கண்ணை மூடியதும் அது பழையபடி உறைந்துவிட்டது. பெட்டியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் ராமச்சந்திரன். சில வாரங்களுக்குப் பிறகு அந்த மனிதருக்கு மாயக் கையே மறைந்து விரல்கள் மட்டும் மிஞ்சின. முழங்கையில் இருந்த வலி போய்விட்டது.

ஒருவருக்கோ இருவருக்கோ நலமானால் அது மருந்தாகிவிடாது. கண்ணாடி பார்த்ததால் நலமானதா, நம்பிக்கையால் நலமானதா என்று பிரித்தறிய வேண்டும். 2007-இல் அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் கால் இழந்தவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி. மற்றொன்றுக்குத் துணி போட்டு மூடிய கண்ணாடி. மூன்றாவது குழு கண்ணை மூடி மனத்தில் கற்பனை செய்தது. நான்கு வாரம் முடித்தவர் 18 பேர். கண்ணாடியில் பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கு மட்டுமே குறைந்தது. மூடிய கண்ணாடி எதற்கென்று இப்போது விளங்குகிறதா? 'நம்பிக்கையா, கண்ணாடியா' என்ற ஐயத்தைத் தீர்க்கத்தான். பிற்காலச் சோதனைகளில் எல்லோருக்கும் இதே அளவு பலன் கிடைத்துவிடவில்லை. என்றாலும் செலவில்லாத, தீங்கு குறைந்த முறை என்பதால் பல நாடுகளில் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

'நான்' என்பது எது?

கை வலிக்கும் நனவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 'இது என் கை' என்ற உணர்வை இயல்பானதாக நாம் எண்ணுகிறோம். மாயக் கையோ, அந்த உணர்வைத் தருவது மூளை என்றும், கை போன பிறகும் மூளை அதைத் தந்துகொண்டிருக்க முடியும் என்றும் காட்டுகிறது. 'நான்' என்ற பெரிய கேள்வியிலிருந்து 'என் கை' என்ற சிறிய கேள்வியை வெட்டி எடுத்து, அதைச் சோதனைக்கு உட்படுத்திவிட்டார்கள்.

இன்னும் இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். 1974-இல் இங்கிலாந்தில் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையில் பார்வைப் பகுதியின் ஒரு பக்கத்தில் அறுவை நடந்ததால் அவருக்குப் பார்வைப் பரப்பின் ஒரு பாதி தெரியாது. அந்தப் பாதியில் விளக்கைக் காட்டி, "எங்கே இருக்கிறது? சும்மா ஊகித்துக் கையை நீட்டுங்கள்" என்றார்கள். பெரும்பாலும் சரியாகவே நீட்டினார்! ஆனால், "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்றுதான் சொன்னார். கண்ணும் மூளையும் பார்க்கின்றன. பார்ப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அப்படியானால் பார்ப்பது வேறு, 'பார்க்கிறேன்' என்று உணர்வது வேறு. நனவு ஆராய்ச்சியின் வாசலே இங்கேதான் திறக்கிறது.

மற்றொன்று ராமச்சந்திரன் தம் உடன் ஆய்வாளருடன் 1997-இல் வெளியிட்டது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டுப் பிழைத்த ஓர் இளைஞன் தன் தாயைப் பார்த்து, "இவள் என் அம்மாவைப் போலவே இருக்கிறாள், ஆனால் என் அம்மா இல்லை" என்றான். அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே, "அம்மா!" என்றான். ஏன்? முகத்தை அடையாளம் காணும் பகுதியிலிருந்து பாசம், அச்சம் போன்ற உணர்ச்சிகளுக்குரிய பகுதிக்குச் செல்லும் வழி அறுந்திருக்கலாம். காதிலிருந்து செல்லும் வழி கெடாமல் இருக்கலாம். இது ஊகம். சோதிப்பது எப்படி? நெருங்கியவரைப் பார்த்தால் நம் தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை மாறும். அதைக் கருவி கொண்டு அளக்கலாம். அந்த இளைஞனுக்கு அளந்தார்கள். பெற்றோரின் படத்தைப் பார்த்தபோதும் எதிர்பார்த்த மாற்றம் ஏற்படவில்லை.

இப்படியொரு பையன் நம் ஊரில் இருந்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கோடாங்கி வருவார், உடுக்கை ஒலிக்கும், மருத்துவரிடம் போக வேண்டிய நாட்கள் கழியும். யாருடைய நம்பிக்கையையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. தலையில் அடிபட்டவருடைய பேச்சு மாறினால், அது மூளையின் செய்தி. அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் முதலில் கொண்டு போக வேண்டும். இந்த அறிவு பரவினால் சில குடும்பங்களின் துயரமாவது குறையும்.

விடை மாறினால்?

இனி நான் முதலில் சொன்ன செய்திக்கு வருகிறேன். கை போன பிறகு அதற்குரிய மூளைப் பகுதியை முகம் ஆக்கிரமித்துக்கொள்கிறது. அதனால்தான் கன்னத்தைத் தொட்டால் விரல் தெரிகிறது என்பது ராமச்சந்திரன் தந்த விளக்கம். பாடப் புத்தகங்களிலும் இது ஏறியது. ஆனால் 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மாய வலி மிகுந்தவர்களின் மூளையில் கைக்குரிய பகுதி கெடாமல் பழையபடியே வேலை செய்வது தெரிந்தது. 2025-இல் மேலும் வலுவான சான்று வந்தது. மூன்று பேருக்குக் கையை அகற்றுவதற்கு முன்பும் பின்பும் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். கையின் வரைபடம் அப்படியே இருந்தது. உதடு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை.

அதேபோல், பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தான் செய்யும்போதும் ஒரே மாதிரி இயங்கும் 'கண்ணாடி நரம்பணுக்கள்' இத்தாலியில் குரங்குகளிடம் கண்டறியப்பட்டபோது, மனித நாகரிகத்தின் பல புதிர்களை அவை விடுவிக்கும் என்று ராமச்சந்திரன் 2000-இல் ஆர்வத்தோடு எழுதினார். ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் அவற்றின் பழுதே காரணமாகலாம் என்றார். பின்வந்த சோதனைகள் பலவும் அதற்கு ஆதரவு தரவில்லை.

அப்படியானால் அவர் தோற்றுவிட்டாரா? தேர்வுத் தாளில் விடை தவறினால் மதிப்பெண் போய்விடும். அந்தப் பழக்கத்தில் நாம் விஞ்ஞானத்தையும் அளக்கிறோம். இது சரியன்று என்பது என் கருத்து. பஞ்சுக் குச்சியால் தொட்டபோது அந்த இளைஞன் விரலில் உணர்ந்தது உண்மை. அந்த உண்மையை விளக்கும் முதல் முயற்சியில் குறை இருக்கிறது. குறையைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த விளக்கம் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருந்ததே. 'எல்லாம் மனத்தின் மாயை' என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் அதைத் தவறென்று காட்டியிருக்க முடியாது. யாருக்கும் பயனும் இருந்திராது.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புகழ் பெற்றவர் சொன்னார் என்பதற்காகவோ, நம்மவர் சொன்னார் என்பதற்காகவோ ஒரு கருத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. கண்ணாடி நரம்பணுக்கள் பற்றி ஆர்வம் சான்றுக்கு முன்னே ஓடிவிட்டது. ஒரு விஞ்ஞானியைப் போற்றிக்கொண்டே அவருடைய முடிவை ஐயுறலாம். அது அவமரியாதை ஆகாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளைப் பென்சிலால் சாம்பல் நிறமாகத் தீட்டுங்கள். அதில் ஐந்தாறு வட்டங்கள் வரைந்து, ஒவ்வொரு வட்டமும் மேல் விளிம்பில் வெளுப்பாகவும் கீழே போகப் போகக் கறுப்பாகவும் இருக்கும்படி நிழலிடுங்கள். அழிப்பான் இருந்தால் வெளுப்புக்கு உதவும். பாருங்கள்: வட்டங்கள் தாளிலிருந்து புடைத்து நிற்கும். தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். அவை குழிகளாகிவிடும்! ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை தானாகவே முடிவு செய்துகொள்வதால் இது நேர்கிறது.

இப்போது தாளை நேராகச் சுவரில் ஒட்டிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நின்று, குனிந்து கால்களுக்கிடையே பாருங்கள். தாள் திரும்பவில்லை, சூரியனும் இடம் மாறவில்லை. ஆனாலும் புடைப்பு குழியாகத் தோன்றும். 'மேல்' என்று மூளை கொள்வது வானத்தையன்று, உங்கள் உச்சந்தலைப் பக்கத்தை! ராமச்சந்திரன் 1988-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இந்த வகையைச் சேர்ந்தது. கருவி? பென்சிலும் தாளும்.

இது சோறு போடுமா?

பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ, "மூளையைப் பற்றி ஆராயப் போகிறேன்" என்றால், "அதுல என்ன சாமி கிடைக்கும்?" என்று கேட்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். தறி ஓட்டியும் தோட்டத்தில் பாடுபட்டும் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கேள்வி கேட்க உரிமை உண்டு. ஆராய்ச்சிப் பாதை நீண்டது. முனைவர் பட்டம் முடியுமுன் முப்பதை நெருங்கிவிடலாம். இதை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

ஆனால் வழிகள் ஒன்றல்ல, பல. மருத்துவம் படித்து நரம்பியலுக்கு வரலாம். உளவியல், உயிரியல், இயற்பியல், கணிப்பொறி படித்தும் வரலாம். கோவையின் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே உளவியல் துறை இருக்கிறது. ஒரு பகல் பயணத் தொலைவில் பெங்களூரில் நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல நரம்பியல் நிலையமும், இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நரம்பியல் மையமும் உள்ளன. அரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவிலிருக்கும் சிசுவின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் 2024-இல் உலகுக்கு வழங்கியிருக்கிறது. ராமச்சந்திரன் காலத்தில் கடல் கடந்து தேட வேண்டியிருந்தவற்றில் பல இன்று அருகே வந்திருக்கின்றன.

'ஆன்மா, மனம் எல்லாம் பெரியோர்கள் ஆராய்ந்து முடித்தவை. விஞ்ஞானம் அங்கே ஏன் நுழைய வேண்டும்?' என்பார் சிலர். 'நான் யார்' என்று நம் முன்னோர் கேட்டது உண்மை. அது உயர்ந்த கேள்வி. உள்நோக்கிப் பார்ப்பது ஒரு வழி. அடிபட்ட மூளையைக் கவனித்து, ஊகித்து, அளந்து பார்ப்பது மற்றொரு வழி. வலியால் துடிப்பவருக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது இந்த இரண்டாவது வழியில்தான்.

2048

1998-இல் கிறிஸ்டோப் காக் என்ற மூளை விஞ்ஞானியும் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். நனவுக்குக் காரணமான மூளைச் செயல் எது என்பது 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகிவிடும் என்றார் காக். ஆகாது என்றார் சால்மர்ஸ். 2023 ஜூனில் நியூயார்க்கில் நடந்த கூட்டத்தில் காக் தோல்வியை ஒப்புக்கொண்டு, பந்தயப் பொருளை எல்லோர் முன்னிலையிலும் கொடுத்தார். பின்பு மீண்டும் 25 ஆண்டுகளுக்குப் பந்தயத்தைப் புதுப்பித்துக்கொண்டார்!

அந்தக் கெடு முடியும் ஆண்டு 2048. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் உங்களுக்கு அப்போது நாற்பது வயதுகூட நிறைந்திராது. விஞ்ஞானிக்கு அது நடுப்பகல் வயது. அந்தப் பந்தயத்தின் முடிவைச் செய்தித்தாளில் படிப்பவராக நீங்கள் இருக்கலாம். முடிவைத் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

எல்லோரும் மூளை விஞ்ஞானி ஆகவேண்டும் என்பதில்லை. எந்தத் தொழிலுக்குப் போனாலும் ஒன்றை மட்டும் கைக்கொள்ளுங்கள். கையை இழந்த ஒருவர், "இல்லாத கை வலிக்கிறது" என்று உங்களிடம் சொன்னால் சிரிக்காதீர்கள். கயிறு கட்டவும் ஓடாதீர்கள். "எந்த விரல்? எப்போது? என்ன செய்தால் குறைகிறது?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். பிறகு நல்ல மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.